சுவாதிக்கு ஐந்து

வேலையிலிருந்து ஓய்வு பெற இரண்டு வாரம் இருந்தபோது, பக்கத்து நாற்காலிப் பெண் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டாள். அவள் திரையில் ஒரே கோப்பின் பழைய வடிவமும் புது வடிவமும் அருகருகே நின்றன. நீங்கிய வரிகள் சிவப்பில், சேர்ந்த வரிகள் பச்சையில். "இதெல்லாம் வர்றதுக்கு முன்னாடி வித்தியாசத்தை எப்படி மேடம் கண்டுபிடிப்பீங்க?" என்றாள். நான் கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரி தட்டினேன். கழித்தல் குறியும் கூட்டல் குறியுமாக எழுத்துகள் சரசரவென்று ஓடின. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சும்மா இல்லை, கண்ணில் தண்ணீர் வந்து மூக்கு அடைத்துக்கொள்கிற சிரிப்பு. அவள் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ஏன் சிரித்தேன் என்பதை இரண்டு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குச் சொல்லி முடித்தேன். எழுதிவைக்கச் சொன்னதும் அவள்தான்.

நான் கம்ப்யூட்டரை முதலில் தொட்டது எண்பத்தொன்பதில், வேலூரில் ஒரு பயிற்சி வகுப்பில். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அறையில் ஏசி உண்டு என்பதற்காகவே மூன்று பேர் சேர்ந்திருந்தார்கள். கோபால் என்று ஒரு கம்ப்யூட்டர் மொழி சொல்லிக்கொடுத்தார்கள். அது வாத்தியாரின் பெயர் என்று என் அம்மா ரொம்ப நாள் நினைத்திருந்தாள். பிறகு திருவண்ணாமலையில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை தட்டினேன், ஒரு பள்ளிக்கூடத்தில் மார்க் ஷீட் தட்டினேன். தொண்ணூறுகளின் பின்பாதியில் செங்கம் சாலையில், ஆசிரமத்துப் பக்கம், ஒரு காபிக் கடையின் மாடியில் இருந்த கம்பெனியில் சேர்ந்தேன். மொத்தம் நான்கு பேர். நாங்கள் தயாரித்தது ஜாதகப் பொருத்தம் பார்க்கும் சாஃப்ட்வேர்.

அதை நடத்தியவர் ஜாபர் சார். ஆற்காட்டுக்காரர், என்னைவிட மூன்று வயது பெரியவர். ஜெராக்ஸ் கடைகளும் ஜோசியர்களும் எங்கள் டிஸ்க்கை வாங்கி, மாப்பிள்ளை பெண் நட்சத்திரங்களைப் போட்டு, பத்துப் பொருத்தத்தையும் அச்சடித்துக் கொடுப்பார்கள். "நீங்க இதையெல்லாம் நம்பறீங்களா சார்?" என்று சேர்ந்த முதல் நாளே கேட்டேன். "நம்பறது அவங்க வேலைம்மா. கணக்கு தப்பாம குடுக்கறது நம்ம வேலை" என்றார்.

அவர் வேலை செய்கிற விதமே தனி. யாருடைய திரை முன்னால் உட்கார்ந்தாலும் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொள்வார், கை தானாகப் போய் விசைகளைத் தட்டிவிடக் கூடாதாம். நம்மைத்தான் தட்டச் சொல்வார். ஏதாவது கோளாறு என்றால் "யார் செஞ்சது?" என்று கேட்கமாட்டார். "நான் எதையும் மாத்தல சார்" என்று நாமாகச் சொன்னால், "சந்தோஷம். டிஃப் இன்னா சொல்லுது?" என்பார்.

டிஃப் என்பது அந்த ஒரு வரிக் கட்டளை. காபிக் கடைக்கு வந்துபோய்க்கொண்டிருந்த ஒரு தாடிக்கார வெளிநாட்டவர், மூன்று மாதம் எங்கள் மாடியில் இணையத்தைப் பயன்படுத்திக்கொண்டதற்குப் பதிலாக எங்கள் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, கோப்புகளின் எல்லா வடிவங்களையும் சேர்த்துவைக்கும் ஏற்பாட்டையும் செய்துவிட்டுப் போனார். கோப்பை மாற்றி உள்ளே அனுப்பினால் பழையது அழியாது, புதியதற்கு அடுத்த எண் விழும். 1.21, 1.22, 1.23 என்று போகும். கூடவே யார், எப்போது, எதற்காக என்று ஒரு குறிப்பும் பதிவாகும். எந்த இரண்டு எண்களைக் கொடுத்தாலும் கட்டளை வித்தியாசமான வரிகளை மட்டும் காட்டும். போன வரிக்கு முன்னால் கழித்தல், வந்த வரிக்கு முன்னால் கூட்டல்.

அதை வாசிக்கவும் சாரிடம் ஒரு முறை இருந்தது. கழித்தல் வரியைத்தான் முதலில், முழுசாக, வாய்விட்டுப் படிக்கவேண்டும். எல்லோருடைய கண்ணும் கூட்டல் வரிக்குத்தான் ஓடும். "போனவனை முதல்ல பாரு. வந்தவன் எங்கயும் ஓடிடமாட்டான்" என்பார். குறிப்பில் "சின்ன மாற்றம்" என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார். இன்னொன்றும் செய்திருந்தார். கடைகளில் அச்சாகும் ஒவ்வொரு தாளின் அடியிலும் பொருத்தக் கணக்கு இருக்கும் கோப்பின் வடிவ எண் பொடி எழுத்தில் விழும்படி வைத்திருந்தார். யார் அதைப் பார்க்கப் போகிறார்கள் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதைப் பார்த்த ஒருத்தி மாடிப்படி ஏறி வந்தாள்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து அப்பாவோடு வந்திருந்தாள். பெயர் கோமதி, ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. அப்பா ஏழுமலை மணிலாக்கொட்டை போடுகிற விவசாயி. மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கோமதி உட்காரவில்லை. இரண்டு தாள்களை என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டும் உங்க கம்ப்யூட்டர்ல எடுத்தது. ரெண்டும் எனக்கும் அவருக்கும் பார்த்தது. இதுல பொருத்தம் இருக்குன்னு போட்டிருக்கு, இதுல இல்லன்னு போட்டிருக்கு. எது சரி?"

முதல் தாளை வைத்துத்தான் நிச்சயதார்த்தம் நடந்திருக்கிறது. பத்திரிகை கொடுத்தாயிற்று. ஆல்பத்தில் வைக்க ஒரு சுத்தமான பிரதி வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா வேறொரு கடையில் மறுபடி அச்சடித்திருக்கிறார். அதில் ரஜ்ஜு இல்லை என்று வந்துவிட்டது.

ரஜ்ஜு தெரியாதவர்களுக்கு: இருபத்தேழு நட்சத்திரங்களைப் பாதம், தொடை, வயிறு, கழுத்து, தலை என்று ஐந்து கூட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். இருவரும் ஒரே கூட்டமாக இருந்தால் மற்ற ஒன்பது பொருத்தமும் இருந்தும் புண்ணியமில்லை என்பார்கள். அதிலும் ஐந்தாவது, சிரசு ரஜ்ஜு. அது மாப்பிள்ளையின் உயிருக்கே ஆகாது என்பது நம்பிக்கை. இரண்டாவது தாளில் இருந்தது அதுதான்.

"கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள்தாங்க இருக்கு" என்றார் ஏழுமலை.

"எனக்கு இதுல பெருசா நம்பிக்கை இல்ல" என்றாள் கோமதி. "ஆனா அவங்கம்மாவுக்கு ஒரே புள்ள. ராத்திரியெல்லாம் அழுவுறாங்களாம். அவங்க பயத்தோட நான் எப்படி அந்த வீட்டுக்குள்ள போறது? அதான் பஸ்ல வரும்போது ரெண்டையும் வரி வரியா வெச்சுப் பார்த்தேன். மூணு இடத்துலதான் வித்தியாசம். ரஜ்ஜு, மொத்த எண்ணிக்கை, அப்புறம் கீழ இந்தப் பொடி நம்பரு. இதுல 1.22, இதுல 1.23."

ஜாபர் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "வசந்தா, இவங்களுக்கு நாற்காலி போடு. முடிஞ்சா வேலையும் போட்டுக் குடு" என்றார் என்னிடம்.

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கைகள் தொடைக்குக் கீழே போயின. நான் தட்டினேன்:

cvs diff -u -r 1.22 -r 1.23

அவ்வளவுதான். 1.22-க்கும் 1.23-க்கும் இடையில் என்ன மாறியது என்று சொல். நான்கைந்து வரி வரும் என்று காத்திருந்தேன். திரை பாய ஆரம்பித்தது. கழித்தல், கழித்தல், கழித்தல். நிற்கவே இல்லை. பிறகு கூட்டல், கூட்டல், கூட்டல். ஆயிரத்துச் சொச்சம் வரிகள் கொண்ட கோப்பில் அத்தனை வரியும் போய், அத்தனை வரியும் திரும்பி வந்திருந்தது. கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

"இன்னாங்க இது, மழ மாதிரி கொட்டுது" என்றார் ஏழுமலை.

சார் அடுத்துக் கேட்டது யார் என்றல்ல, குறிப்பு என்ன என்றுதான். பதிவை எடுத்தேன். 1.23-க்கு நேராக என் பெயர் இருந்தது. குறிப்பு: "அழகுபடுத்தியது மட்டும். வேறு மாற்றம் இல்லை."

ஞாபகம் வந்தது. எனக்கு வரிசைகள் கோணலாக இருந்தால் பிடிக்காது. வீட்டில் காயப்போட்ட துணியைக்கூட நேராக இழுத்துவிடுவேன். அந்தக் கோப்பில் எண்கள் முன்னே பின்னே நின்றதால், ஒரு மத்தியானம் விண்டோஸ் மெஷினில் திறந்து எல்லாவற்றையும் நேராக நிறுத்தினேன். இடைவெளியைத் தவிர ஒன்றையும் தொடவில்லை. சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்திருப்பேன்.

"நான் எதையும் மாத்தல சார்" என்றேன். சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"சந்தோஷம்" என்றார். "விண்டோஸ்ல சேவ் பண்ணா ஒவ்வொரு வரி முடிவுலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கும். அதான் எல்லா வரியும் மாறினதா சொல்லுது. பொய் சொல்லல, ஜாஸ்தியா சொல்லுது. இடைவெளியையும் அந்தக் குறியையும் கணக்குல எடுக்காதன்னு சொல்லு."

அதற்கு ஒரு எழுத்துத்தான் கூடுதல், -w. சேர்த்துத் தட்டினேன். நுழைவு விசையை அழுத்தினேன்.

வாழ்க்கையில் சில சந்தோஷங்களை விளக்கமுடியாது. ஆயிரம் வரி மழை அடித்த இடத்தில் பளிச்சென்று ஒரு துண்டு வானம்போல இரண்டே இரண்டு வரிகள் நின்றன. அவற்றைச் சுற்றி மாறாத வரிகள் துணைக்கு மூன்று மூன்று, அவ்வளவுதான். நான் கைதட்டிவிட்டேன். யாரைப் பிடிக்கப்போகிறது என்று தெரிந்தும் கைதட்டினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"படி" என்றார் சார். "போனவன் முதல்ல."

அது ரஜ்ஜு அட்டவணை. இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் கூட்டத்தின் எண், ஒரு வரிக்கு ஒன்பதாக மூன்று வரி. மாறியிருந்தது நடுவரி, மகம் முதல் கேட்டை வரை.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று படித்தேன்.

"இப்ப வந்தவன்."

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, நாலு..." வாய் பழக்கத்தில் இறங்கப் பார்த்தது.

"அஞ்சு, அஞ்சு" என்றாள் கோமதி எனக்குப் பின்னாலிருந்து. "ரெண்டு அஞ்சு இருக்குதுங்க."

இருந்தது. சித்திரைக்கு ஐந்து சரி. அடுத்து நான்கு வரவேண்டிய இடத்தில் இன்னொரு ஐந்து. மகத்தில் தொடங்கி எண்ணினால் ஆறாவது நட்சத்திரம். நான் விரல்விட்டு எண்ணினேன். மகம், பூரம், உத்திரம், அஸ்தம், சித்திரை, சுவாதி.

"அவரு சுவாதி" என்றாள் கோமதி. "நான் அவிட்டம்."

அவிட்டத்துக்கு எப்போதும் ஐந்துதான். சுவாதிக்கு நான்கு. வேறு வேறு கூட்டம், தடையே இல்லை. நான் அந்த வரியை நேராக்கப் போய், பொறுமையில்லாமல் அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டியிருக்கிறேன். ஐந்தைத் தட்டிய விரல் நான்குக்குப் போகாமல் இன்னொரு முறை அதையே தட்டிவிட்டது. உலகத்திலுள்ள சுவாதிக்காரர்கள் எல்லோரையும் கழுத்திலிருந்து தலைக்கு ஏற்றிவிட்டேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பயத்தில் வருகிற சிரிப்பு, அடக்க அடக்க ஏறுகிறது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். சார் என்னைப் பார்த்தார். அவருக்கும் உதடு நடுங்கியது. என்ன நடந்தது என்று புரியாமலே ஏழுமலை சிரிக்க ஆரம்பித்தார். கோமதி மட்டும் சிரிக்கவில்லை.

"இது எனக்குப் புரிஞ்சிடுச்சு" என்றாள். "அவங்களுக்கு எப்படிப் புரியவெக்கிறது? நாங்க வந்து கேட்டதால நீங்க மாத்திக் குடுத்தீங்கன்னு சொல்லுவாங்க."

நியாயமான பேச்சு. புதுத் தாள் ஒன்று அச்சடித்துக் கொடுத்தால் அது மூன்றாவது தாள், அவ்வளவுதான். சார், ஓரத்தில் ஓட்டை போட்ட நீளத் தாளில் அந்த டிஃப்பையே அச்சடிக்கச் சொன்னார். பதிவையும் சேர்த்து. என் பெயரோடு.

"உன் பேரை வேணும்னா மடிச்சுக்கலாம்" என்றார்.

"இருக்கட்டும் சார்" என்றேன்.

நால்வரும் ஆட்டோவில் வேங்கிக்கால் போனோம். புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த தெரு. மாப்பிள்ளை கதவைத் திறந்து, கோமதியைப் பார்த்ததும் காபி போட உள்ளே போய்விட்டார். அவருடைய அம்மா சகுந்தலா கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் பாதி பின்னிய ஒயர் கூடை. சிவப்பு ஒயரும் வெள்ளை ஒயருமாகத் தரையெல்லாம் நெளிந்தது. கண்கள் வீங்கியிருந்தன. கை மட்டும் முடிச்சுப் போடுவதை நிறுத்தவில்லை.

ஜாபர் சார் விளக்க ஆரம்பித்தார். வடிவம், எண், பதிவு என்றெல்லாம் சொன்னார். சகுந்தலா அம்மா கேட்டதாகவே தெரியவில்லை. "கம்ப்யூட்டர்ல இன்னா வேணா வரவெக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தாளை விரித்தேன். "இது பழைய வரிம்மா. இது புதுசு. நீங்களே பாருங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முதல் வரியில் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாக நகர்த்தினார். உதடு அசைந்தது. விரல் நின்றது. மடியிலிருந்த கூடையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது டைமண்ட் டிசைன்தானே" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவர் கூடையை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். வெள்ளை நடுவே சிவப்பு முடிச்சுகள்: ஒரு வரிசையில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, மறுபடி நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று.

"ஏறி இறங்கணும்மா. அஞ்சு போட்டதும் நாலுக்கு வந்தாகணும். இதுல பாரு, அஞ்சுக்குமேல இன்னோர் அஞ்சு போட்டிருக்கு. அப்புறம் திடீர்னு மூணு. வைரம் கோணிக்குமே." பிறகு பெரிய குற்றம் கண்டுபிடித்த குரலில் கேட்டார்: "யார் போட்டது இது?"

ஜாபர் சார் வாயைத் திறந்தார். "எங்க கம்பெனி தப்புங்க..."

"நான்தாம்மா போட்டேன்" என்றேன். "வரிசை நேரா இருக்கணும்னு நேராக்கினேன். கை தவறிடுச்சு. உங்களை ரெண்டு நாளா அழவெச்சுட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு வேலையில் கை தவறுவது என்றால் என்னவென்று தெரிந்தவர் பார்க்கிற பார்வை.

"நான் ஒரு முடிச்சு தப்பினா அதுவரைக்கும் மொத்தமா பிரிக்கணும்" என்றார். "உங்களுதுல?"

"பிரிக்கவேணாம்மா. பழசு அப்படியே இருக்கு. எடுத்து வெச்சா போதும்."

"குடுத்துவெச்சவ" என்றார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "பிரபு, காபில சக்கரை கம்மியா போடாத. சம்பந்தி வந்திருக்காரு" என்றார். ஏழுமலை மஞ்சள் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கோமதி அந்த அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, தரையில் சிக்கிக்கிடந்த சிவப்பு ஒயரை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினாள். அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நிம்மதி. ஆனால் 1.23 போன டிஸ்க் நாற்பத்திரண்டு கடைகளில் இருந்தது. மறுநாள், புதன்கிழமை, காலையிலிருந்து நானும் சாரும் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு சுவாதிக்காரர்களைத் தேடினோம். "ஒரு வாரத்துக்குள்ள சுவாதின்னு யாராவது பார்த்தாங்களா?" என்று நான் ஒரு பக்கம் கத்த, "சுவாதிங்க, பொண்ணு பேரு இல்ல, நட்சத்திரம்" என்று அவர் ஒரு பக்கம் கத்துவார். ஒரு கடைக்காரர் தன் மனைவி பெயரே சுவாதி என்று சண்டைக்கு வந்தார். இன்னொருவர், ஏதோ பரிசு விழுந்திருக்கிறது என்று நினைத்து, தானே சுவாதி என்றார், பிறகு இல்லை என்றார். மதியத்துக்குள் ஆறு பேரைப் பிடித்து நிலவரம் சொல்லிவிட்டோம். நல்லவேளை, யாருக்கும் எதுவும் கைமீறிப் போயிருக்கவில்லை. புதுத் தாள் தருவதாகச் சொன்னோம்.

செங்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஒரு பெண் போனை எடுத்தாள். அதே கேள்வியைக் கேட்டேன்.

"ஒருத்தர் பார்த்தாங்க" என்றாள்.

"யாருங்க?"

"நான்தான். நான் அஸ்தம். அவரு சுவாதி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அஸ்தத்துக்கும் நான்கு, சுவாதிக்கும் நான்கு. சரியான கணக்கில் ஒரே ரஜ்ஜு, பொருத்தம் கிடையாது. என் தப்பு ஐந்தால்தான் அவளுக்குப் பொருத்தம் என்று வந்திருக்கிறது. மெதுவாக ஆரம்பித்தேன். "உங்க தாள்ல ஒரு நம்பர் தப்பா..."

"தெரியும்க்கா" என்றாள். "நாலு ஜோசியர் ரஜ்ஜு இல்லன்னு சொல்லிட்டாங்க. மூணு வருஷமா இதே பதிலுதான். போன வாரம் உங்க புது டிஸ்க்கு வந்துச்சு, சும்மா போட்டுப் பார்த்தேன். இருக்குன்னு வந்துச்சு. எங்க ரெண்டு வீட்லயும் அந்த ஒரு தாளை வெச்சுத்தான் சரின்னாங்க. வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, இந்தக் கடைக்கு மட்டும் லைன் கிடைக்கலன்னு வெச்சுக்குங்களேன்."

நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் சாரிடம் சொன்னேன். கணக்கில் ஒரு புள்ளி பிசகினாலும் பொறுக்காத மனிதர். அனுப்பவேண்டிய கடைகளின் பட்டியலை எடுத்தார். செங்கத்துக்கு நேராகப் பேனாவை வைத்தபடி ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பஸ் போயிற்று, இன்னொரு பஸ் போயிற்று.

"செங்கத்துக்குத் திருத்தின டிஸ்க் என்னிக்குப் போவுது?"

"நாளைக்கு சார். வியாழக்கிழமை."

அவர் வியாழனை அடித்தார். பொறுமையாக, தெளிவான எழுத்தில், பக்கத்தில் "சனி" என்று எழுதினார்.

"அடுத்த கடை எது?" என்றார்.